தொடாத பந்தை எப்படி விட முடியும்?

நெப்ராஸ்கா உமா:
ஜூன் மாதம் வந்தால் எங்கள் ஊரில் ஹோட்டல் அறைக்குத் திண்டாட்டம்தான். 1950 முதல் அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பாலின் கடைசிக் கட்டம் முழுக்க ஒமாஹாவில்தான் நடக்கிறது. 64 அணிகளில் தொடங்கி எட்டு அணிகள் இங்கே வந்து சேரும், இரண்டு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டும், மிஞ்சும் இரண்டு அணிகள் மூன்று ஆட்டத் தொடரில் மோதும். போன வாரம் ஒருவர் "ஒரு சீசனில் மறக்கவே முடியாத தருணம் எது" என்று கேட்டிருந்தார். என் ஓட்டு 2018-க்கு. இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஆர்கன்சாஸ் 3-2 முன்னிலை. முதல் ஆட்டத்தை ஏற்கெனவே 4-1 என்று வென்றுவிட்டார்கள், இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் அவர்களுடைய முதல் கோப்பை. ஒரிகன் ஸ்டேட்டின் கேடின் கிரெனியர் தூக்கி அடித்த பந்து முதல் பேஸுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே ஃபவுல் பகுதியில் இறங்குகிறது. பிடித்தால் அவுட், விழுந்தால் அவர் மறுபடி அடிக்கலாம். மூன்று பேர் ஓடி வருகிறார்கள். மூன்று பேரும் கேட்சை விட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது, கோப்பை ஒரிகன் ஸ்டேட்டுக்குப் போனது. இதைவிடப் பெரிய தருணம் இருந்தால் சொல்லுங்கள்.

காட்டுப்பன்றி பாலா:
உமா மேடம், வணக்கம். நான் பென்டன்வில்லில் 14 வருடமாக இருக்கிறேன். ஆர்கன்சாஸ் அணியின் சொந்த ஊரான ஃபாயெட்வில் என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். நீங்கள் எழுதியதில் ஒரு வரி தவறு. "மூன்று பேரும் கேட்சை விட்டார்கள்" என்கிறீர்கள். விட்டார்கள் என்றால் பந்து கையிலோ கிளவுஸிலோ பட்டு நழுவியிருக்க வேண்டும். அந்தப் பந்தை யாரும் தொடவில்லை. இரண்டாம் பேஸ்மேன் ஷாடி தொடவில்லை, முதல் பேஸ்மேன் கேட்ஸ் தொடவில்லை, வலது பக்கத்திலிருந்து ஓடி வந்த எரிக் கோல் தொடவில்லை. தொடாத பந்தை எப்படி மேடம் விட முடியும்? ஏழு வருடமாக எல்லோரும் இதையே எழுதுகிறார்கள், நானும் ஏழு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பீவர் கண்ணன்:
வந்துவிட்டாரய்யா! உமா அக்கா, "ஒமாஹா", "2018" இரண்டையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள், எழுதினால் பாலா அண்ணனுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அண்ணா, கேள்வி ரொம்ப எளிது. அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்குமா, இல்லையா?

காட்டுப்பன்றி பாலா:
நான் கேட்டது அது இல்லை. தொட்டார்களா இல்லையா?

பீவர் கண்ணன்:
நான் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

டைகர் பிரியா:
இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருங்கள், நான் உண்மையான தருணத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1996, ஒமாஹாவின் பழைய ரோசன்பிளாட் மைதானம், எங்கள் எல்எஸ்யூவும் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மயாமியும். 8-7 என்று மயாமி முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஒருவர். வாரன் மோரிஸ் வருகிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்து சீசனில் பாதிக்கு மேல் ஆடாத ஆள், அந்த வருடம் சுவரைத் தாண்டி அடிக்கும் ஹோம் ரன் ஒன்று கூட அடித்ததில்லை. வந்த முதல் பந்தையே வலது பக்கச் சுவருக்கு மேலே அனுப்பினார். 9-8. மயாமி பையன்கள் நின்ற இடத்திலேயே மண்ணில் விழுந்து கிடந்தார்கள். சீசனின் முதல் ஹோம் ரன், சீசனின் கடைசிப் பந்து. கிரெனியருக்கு இருந்ததும் அச்சு அசல் இதே நிலைமைதான், பார்த்தீர்களா? இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஆள், ஒரு ரன் பின்னால். எங்கள் ஆள் முதல் பந்திலேயே முடித்தார், யாரும் எதையும் கோட்டை விட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

காட்டுப்பன்றி பாலா:
பிரியா, நீங்களும் "கோட்டை விட" என்கிறீர்கள். தொடவில்லை, தொடவில்லை, தொடவில்லை. போதுமா?

நான் டிவியில் பார்த்துவிட்டுப் பேசவில்லை. அன்று நான் அங்கே இருந்தேன். முதல் ஆட்டமே மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், லீவைக் கெஞ்சி நீட்டி, பையனை ஏற்றிக்கொண்டு கான்சாஸ் சிட்டி வழியாக ஆறு மணி நேரம் ஓட்டிப் போனேன். வலது பக்கக் கோட்டுக்கு மேலே எங்கள் சீட். பந்து மேலே போனதும் எங்கள் வரிசை முழுக்க எழுந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்துக் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார். என் பையன் கையிலிருந்த நாச்சோஸ் தட்டை என் மடியில் வைத்துவிட்டுக் கைதட்டத் தயாரானான். ஷாடி பின்பக்கமாக ஓடி வருகிறார், கண் மேலே. கேட்ஸ் பக்கவாட்டில் வருகிறார். கோல் முன்னால் வருகிறார். கொஞ்சம் தாண்டி ஓடிவிட்டார் ஷாடி, மற்ற இருவரும் அவர் பிடித்துவிடுவார் என்று ஒரு அடி நிதானித்தார்கள். பந்து புல்லில் "தொப்" என்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கையில் பட்டால் வேறு சத்தம் வரும், தோல் சத்தம். இது புல் சத்தம். ஆகவே எனக்குத் தெரியும்.

பீவர் கண்ணன்:
பல்லாயிரம் பேர் கூச்சல் போட்ட மைதானத்தில் புல் சத்தம் கேட்டதாம். அண்ணா, உங்கள் காதை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும்.

காட்டுப்பன்றி பாலா:
நீங்கள் ஒரிகனில், ஹில்ஸ்பரோவில் சோபாவில் சாய்ந்து பார்த்த ஒரிகன் ஸ்டேட் ரசிகர், உங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது.

பீவர் கண்ணன்:
சோபாவில் இல்லை, அடுப்படியில். கல்லில் தோசை. அந்தப் பந்து மேலே போனதும் டிவியை அணைத்துவிடலாம் என்று ரிமோட்டைக் கையில் எடுத்தேன், விழுந்ததும் தோசையை மறந்தேன், ஸ்மோக் அலாரம் அடித்த பிறகுதான் வீட்டுக்காரம்மா வந்து அடுப்பை அணைத்தார். அதற்குள் கிரெனியர் அடித்து ஸ்கோர் 3-3. அடுத்து வந்த டிரெவர் லார்னாக் இரண்டு ரன் ஹோம் ரன். 5-3. பந்து போட்ட மேட் குரோனின் இடது கை, லார்னாக் அடிப்பதும் இடது கை, அடிப்பவருக்குச் சிரமமான ஜோடி, அப்படியிருந்தும் வலது பக்கம் போய் விழுந்தது. காற்று எதிராக வீசினால் பந்து வெளியே போகவே மறுக்கிற மைதானம் அது, 2013-இலும் 2014-இலும் ஒமாஹாவில் மொத்தமாகவே மூன்று மூன்று ஹோம் ரன்தான். அதில் போய் ஒன்பதாவது இன்னிங்ஸில் இப்படி ஒரு அடி. அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டீர்கள், கேட்ச் விட்டதையே பேசுவீர்கள். உமா அக்கா, உங்கள் மேல் எனக்கும் வருத்தம்தான். அந்தத் தருணத்தின் நாயகன் லார்னாக்.

காட்டுப்பன்றி பாலா:
நில்லுங்கள் நில்லுங்கள். மேலே "பிடித்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்குமா" என்று கேட்டது யார்? இப்போது லார்னாக்தான் நாயகன் என்பது யார்? எங்கள் ஆட்கள் கேட்ச் விட்டதால் நீங்கள் வென்றீர்களா, உங்கள் திறமையால் வென்றீர்களா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள் கண்ணன். இரண்டு பக்கமும் மத்தளம் அடிக்காதீர்கள்.

பீவர் கண்ணன்:
நீங்கள் கேட்சை விட்டீர்கள், நாங்கள் திறமையால் வென்றோம். இரண்டும் உண்மை. எங்கே இடிக்கிறது?

காட்டுப்பன்றி பாலா:
விடவில்லை. தொடவில்லை.

அம்பயர் அங்கிள்:
தம்பிகளா, நான் இங்கே சின்னப் பையன்கள் லீக்கில் ஒன்பது வருடமாக அம்பயராக நிற்கிறேன், விதியைச் சொல்லிவிட்டால் சண்டை தீரும் என்று நினைக்கிறேன். ஃபவுலில் போகிற பந்தைச் சாதாரண முயற்சியில் பிடித்திருக்க முடியும், பிடிக்காததால் பேட்ஸ்மேனுக்கு ஆயுள் நீண்டது என்றால், ஸ்கோர் எழுதுபவர் எரர், அதாவது ஃபீல்டரின் தப்பு என்று கொடுக்கலாம். எரர் கொடுக்க ஃபீல்டர் பந்தைத் தொட்டிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தொழில்முறை விதிப் புத்தகத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே புத்தகத்தில், ஃபீல்டர் தப்புக் கணக்குப் போட்டாலோ மனக்குழப்பத்தில் நின்றுவிட்டாலோ அதை எரர் என்று எழுதக் கூடாது என்றும் இருக்கிறது. ஆகவே முதலில் "விடுவது" என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டு

பீவர் கண்ணன்:
கேட்டுக்கொள்ளுங்கள்! "தொட்டிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை." அங்கிளே சொல்லிவிட்டார். நன்றி அங்கிள்.

காட்டுப்பன்றி பாலா:
கேட்டுக்கொள்ளுங்கள்! "மனக்குழப்பத்தில் நின்றுவிட்டால் எரர் இல்லை." அங்கிளே சொல்லிவிட்டார். நன்றி அங்கிள்.

அம்பயர் அங்கிள்:
நான் முடிக்கவே இல்லையே.

சேப்பாக்கம் சுந்தர்:
பேஸ்பால் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, மகள் அங்கே படிப்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். ஆனால் இந்த மாதிரிக் கதையை நாங்கள் 1999-லேயே பார்த்துவிட்டோம் சார். உலகக் கோப்பை, ஹெடிங்லி, ஸ்டீவ் வாக் 56-ல் இருக்கும்போது கிப்ஸ் கேட்சை விட்டார், வாக் 120 அடித்துக் கடைசி வரை நின்றார், ஆஸ்திரேலியா அடுத்து கோப்பையையும் தூக்கியது. "கோப்பையையே கீழே போட்டுவிட்டாய்" என்று வாக் சொன்னாராமே. உங்கள் மூன்று பேரும் அதே ரகம்தான்.

காட்டுப்பன்றி பாலா:
சுந்தர் சார், கிப்ஸ் விவகாரம் எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி. கிப்ஸ் கையில் பந்து வந்து உட்கார்ந்தது, கொண்டாட அவசரப்பட்டு வீசப்போய் நழுவியது. அதற்குப் பெயர்தான் கேட்ச் விடுவது. எங்கள் மூன்று பேர் கையில் எதுவும் வரவில்லை. அப்புறம் வாக் அப்படிச் சொல்லவே இல்லை, அவரே பிறகு மறுத்துவிட்டார்.

சேப்பாக்கம் சுந்தர்:
சொன்னாரோ இல்லையோ, ஊர் முழுக்க அப்படித்தான் பேச்சு. நடுவில் விழுந்தாலும் கேட்ச் கேட்ச்தான். தெரு கிரிக்கெட்டில் "என்னுது" என்று கத்தாமல் நின்றால் மூன்று பேருக்கும் சேர்த்துத் திட்டு விழும். ஒமாஹாவில் யாருமே "என்னுது" என்று கத்தவில்லையா?

காட்டுப்பன்றி பாலா:
அந்த இரைச்சலில் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்?

பீவர் கண்ணன்:
ஆஹா. பக்கத்தில் நின்று கத்தியது கேட்காது, மேலே சீட்டிலிருந்தவருக்குப் புல் சத்தம் மட்டும் கேட்கும்.

நெப்ராஸ்கா உமா:
நான் ஒரு தருணம் எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன்.

காட்டுப்பன்றி பாலா:
கிண்டல் செய்யுங்கள், பரவாயில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தப் பந்து விழுந்ததால் நடந்தது என்ன? ஒன்றுமே இல்லை. ஃபவுல். ஸ்கோர் மாறவில்லை, மூன்றாம் பேஸில் இருந்தவர் அங்கேயேதான் இருந்தார், இன்னும் நாங்கள்தான் 3-2 முன்னிலை, இன்னும் ஒரே ஒரு அவுட்தான் தேவை. அதற்குப் பிறகு கிரெனியர் அடித்தாரே அதுதான் சமன், லார்னாக் அடித்தாரே அதுதான் அடி. அதை விட்டுவிட்டு ஒரு ஃபவுல் பந்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஷாடி ஃபாயெட்வில் பையன், வளர்ந்த ஊர் அணிக்கே ஆடிய சீனியர், அந்த ஒரு நொடியை வைத்து அவரைக் கேலி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த சீசனில் எங்கள் பிளேன் நைட் 14 வெற்றி, ஒரு தோல்வி கூடக் கிடையாது, இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தையும் அவரே வென்று கொடுத்தார். அதை யாராவது மறக்கமுடியாத தருணம் என்று எழுதினீர்களா? மாட்டீர்கள். அந்தப் பந்து மட்டும் கைக்குள் விழுந்திருந்தால் இன்று நைட்டுக்கு ஃபாயெட்வில்லில் சிலையே வைத்திருப்பார்கள்.

பீவர் கண்ணன்:
கடைசி வரியை எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "அந்தப் பந்து மட்டும் கைக்குள் விழுந்திருந்தால்." அப்படியானால் அது வெறும் ஃபவுல் இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் இல்லை. அண்ணனே ஒப்புக்கொண்டுவிட்டார்.

காட்டுப்பன்றி பாலா:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "விழுந்திருந்தால்" என்றேன், "பிடித்திருந்தால்" என்று சொல்லவில்லை. தமிழ் படியுங்கள்.

டைகர் பிரியா:
தமிழ் வகுப்பு எப்போது முடியும்?

பீவர் கண்ணன்:
சரி, ஃபவுலை விடுங்கள். மூன்றாவது ஆட்டம் என்று ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாளே. கெவின் ஏபெல் என்ற முதலாமாண்டுப் பையன். முழு ஆட்டமும் அவனே போட்டான், இரண்டே ஹிட் (பேஸ் ஏறவைக்கும் அடி), கடைசி 20 பேரை வரிசையாக வீட்டுக்கு அனுப்பினான், 5-0. ஒரே ஒமாஹா தொடரில் நான்கு வெற்றி எடுத்த முதல் ஆள் அவன்தான். கேட்சராக நின்றது அட்லி ரட்ஷ்மன், அந்தத் தொடரில் 17 ஹிட், அதுவும் சாதனை, அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் ஆளெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். நார்த் கரோலைனாவிடம் முதல் ஆட்டமே தோற்று, அங்கிருந்து ஏறி வந்த அணி. அந்த மூன்றாவது ஆட்டத்தில் எந்தக் கேட்ச் விழுந்ததால் உங்களுக்கு ஒரு ரன் கூட வரவில்லை? அன்று புல் என்ன சத்தம் போட்டது?

அம்பயர் அங்கிள்:
அந்தப் பையன் அன்று 129 பந்து போட்டான் கண்ணன். பதினெட்டு பத்தொன்பது வயதுக் கை. அடுத்த வருடமே முழங்கையில் டாமி ஜான் அறுவை, அறுந்த தசைநாரை மாற்றுவது. நம் லீக்கில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து எண்ணுகிறோம், ஒன்று கூடினாலும் பெற்றோர் என் சட்டையைப் பிடிப்பார்கள். கல்லூரியில் அப்படி ஒரு வரம்பே இல்லை. எனக்கு அந்த 129-தான் மறக்கமுடியாத எண்.

பீவர் கண்ணன்:
அங்கிள், அந்த 129-ஆல்தான் கை போனது என்று டாக்டர் உங்களிடம் வந்து சொன்னாரா? பையனே பந்தைக் கொடுக்க மறுக்கிற நாள் அது. நம் ஊரில் பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூங்கச் சொன்னால் யார் தூங்கினார்கள்?

அம்பயர் அங்கிள்:
பரீட்சை எழுதி யாருக்கும் முழங்கைத் தசைநார் அறுந்ததில்லை, தம்பி.

டைகர் பிரியா:
அங்கிள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் 2023-ல் எங்கள் பால் ஸ்கீன்ஸ் வேக் ஃபாரஸ்டுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் 120 பந்து போட்டார், ஒரு ரன் கொடுக்கவில்லை, எதிரில் ரெட் லௌடர் ஏழு இன்னிங்ஸ், அவரும் கொடுக்கவில்லை, பதினொன்றாவது இன்னிங்ஸில் டாமி வைட் ஒரே அடியில் 2-0 என்று முடித்தார். எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அப்படி ஒரு இரவு கிடைக்குமா?

காட்டுப்பன்றி பாலா:
பேச்சை மாற்றாதீர்கள். கண்ணன், உங்கள் மூன்று கோப்பைகளையும் எடுத்து வைத்துப் பார்க்கலாமா? 2006. மூன்றாவது ஆட்டம், 2-2. நார்த் கரோலைனாவின் இரண்டாம் பேஸ்மேன் முதல் பேஸுக்கு எறிந்த எறி தவறிப் போனது, அதில் வந்ததுதான் உங்கள் வெற்றி ரன். 3-2. 2018-ல் எங்கள் ஃபவுல். எதிராளி தானம் செய்யாமல் நீங்களாகச் சம்பாதித்தது 2007 மட்டும்தான். உங்களுக்கு அப்போதிருந்த பேட் கேசி பெரிய கோச்தான், மறுக்கவில்லை, ஆனால் ஒமாஹாவில் அவருக்கு வாய்த்த இரண்டாம் பேஸ்மேன்கள் எல்லாம் எதிரணியில்தான் இருந்தார்கள்.

பீவர் கண்ணன்:
2006-இல் அந்த எறியைத் தொட்டுத்தான் எறிந்தார் அண்ணா. உங்கள் இலக்கணப்படி அது முறையான தப்பு. ஆக அந்தக் கோப்பை செல்லும், இல்லையா? சந்தோஷம்.

ஆமாம், உங்கள் கோப்பை எத்தனை?

பீவர் கண்ணன்:
பேஸ்பாலில் மட்டும் சொல்லுங்கள். ஓட்டப் பந்தயக் கோப்பையெல்லாம் வேண்டாம்.

காட்டுப்பன்றி பாலா:
இதற்குத்தான் காத்திருந்தேன். கோப்பையை எண்ணுகிறவருக்கு ஆட்டம் தெரியாது. 2025 ஜூன் 16, ஒமாஹா, எங்கள் கேஜ் வுட். மரே ஸ்டேட்டுக்கு எதிராக ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முழு ஆட்டம், 19 ஸ்ட்ரைக் அவுட். எட்டாவது இன்னிங்ஸில் ஒருவன் மேல் பந்து பட்டிருக்காவிட்டால் யாரையும் பேஸ் ஏறவிடாத பெர்ஃபெக்ட் கேம். 1960-க்குப் பிறகு ஒமாஹாவில் யாரும் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் போட்டதில்லை. இது தருணம் இல்லையா? உமா மேடம், நீங்கள் ஊரிலேயே இருக்கிறீர்கள், இதை எழுதக் கை வரவில்லையா?

டைகர் பிரியா:
அண்ணா, அது திங்கட்கிழமை. புதன்கிழமை என்ன நடந்தது என்று நானே சொல்லட்டுமா?

காட்டுப்பன்றி பாலா:
வேண்டாம்.

டைகர் பிரியா:
ஒன்பதாவது இன்னிங்ஸில் 5-3 என்று நீங்கள் முன்னிலை. இரண்டு ரன் வந்து 5-5. அப்புறம் எங்கள் ஜாரெட் ஜோன்ஸ் அடித்த அடி உங்கள் இரண்டாம் பேஸ்மேனின் கிளவுஸில் பட்டுத் தெறித்து வெளியே போனது. 6-5. அங்கிருந்து எங்களுக்கு எட்டாவது கோப்பை. பாலா அண்ணா, இந்த முறை தொட்டார்கள். தொட்டே விட்டார்கள். இதையாவது கேட்ச் விட்டது என்று சொல்லலாமா, இல்லை இதற்கும் வேறு பெயர் வைத்திருக்கிறீர்களா?

பீவர் கண்ணன்:
பிரியா, உங்களுக்கு ஒரு கும்பிடு.

காட்டுப்பன்றி பாலா:
அது லைன் டிரைவ். துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்தது, எகிறிக் குதித்தும் நுனியில்தான் பட்டது. அதைப் பிடிப்பது சாதாரண முயற்சி இல்லை, அங்கிள் சொன்ன விதியைப் படியுங்கள். தொட்டாலும் விட்டதாகாது.

அம்பயர் அங்கிள்:
தொட்டாலும் விட்டதாகாது, தொடாவிட்டாலும் விட்டதாகாது. பாலா தம்பி, ஆர்கன்சாஸ்காரர் எப்போதுதான் கேட்ச் விடுவார்?

பீவர் கண்ணன்:
2019 தீபாவளிக்கு விடுவார். பிரியாணியை.

இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். 2018-ல் முதல் ஆட்டம் முடிந்த ராத்திரி அண்ணன் எனக்கு மெசேஜ் போட்டார்: "நாளையோடு முடிந்தது, வேண்டுமானால் ஒரு மட்டன் பிரியாணி பந்தயம்." நானும் சரி என்றேன். இரண்டு ஆட்டமும் தோற்றார். ஏழு வருடம் ஆகிறது, அந்தப் பிரியாணி இன்னும் தம்மில்தான் இருக்கிறது.

காட்டுப்பன்றி பாலா:
அப்பட்டமான பொய். 2019 அக்டோபரில் கண்ணன் ஆபீஸ் வேலையாகப் பென்டன்வில் வந்தார், நானே காரில் போய் அழைத்துக்கொண்டு சாப்பிட வைத்தேன், பில்லையும் நான்தான் கொடுத்தேன்.

பீவர் கண்ணன்:
என்ன சாப்பிட வைத்தீர்கள்? முழுசாகச் சொல்லுங்கள்.

காட்டுப்பன்றி பாலா:
பிரியாணி.

பீவர் கண்ணன்:
குஸ்கா. மட்டன் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார், "பரவாயில்லை, அந்த ரைஸையே கொடுங்கள்" என்று சொன்னது அண்ணன். தட்டில் ஒரு துண்டு இல்லை. ஒரு முட்டைகூட இல்லை. வெங்காயப் பச்சடி மட்டும் மலை மாதிரி இருந்தது.

காட்டுப்பன்றி பாலா:
மட்டனோடு சேர்ந்து அதே தேக்சாவில் வெந்த சோறு. மசாலா அதே, தம் அதே, வாசனை அதே. அது பிரியாணிதான்.

பீவர் கண்ணன்:
மட்டன் அந்தச் சோற்றைத் தொட்டிருக்கலாம் அண்ணா, என் தட்டைத் தொடவில்லை. தொடவில்லை, தொடவில்லை, தொடவில்லை. போதுமா?

சேப்பாக்கம் சுந்தர்:
இது எனக்குத் தெரிந்த சப்ஜெக்ட். குஸ்கா பிரியாணி கிடையாது சார். பிரியாணிக் கடையில் விற்கிறார்கள் என்பதால் அது பிரியாணி ஆகிவிடாது. பந்தயத்தில் மட்டன் என்று சொல்லியிருந்தால் மட்டன்தான் வைக்க வேண்டும்.

காட்டுப்பன்றி பாலா:
சுந்தர் சார், பேஸ்பால் தெரியாது என்று சொல்லிவிட்டு நுழைந்தவர் நீங்கள், இப்போது தீர்ப்பே சொல்கிறீர்கள். பந்தயத்தின் வார்த்தை "நாளையோடு முடிந்தது". நாளையோடு முடிந்ததா? முடியவில்லை, மூன்றாவது ஆட்டத்துக்குப் போனது. அதனால் பந்தயமே ரத்து. ரத்தான பந்தயத்துக்கு நான் குஸ்கா வாங்கிக் கொடுத்ததே என் பெருந்தன்மை.

டைகர் பிரியா:
இப்போதுதானே அது பிரியாணி என்றீர்கள்?

காட்டுப்பன்றி பாலா:
பிரியா, எட்டுக் கோப்பை வைத்திருப்பவர்களுக்கு இந்த வலி புரியாது. ஒமாஹாவிலிருந்து திரும்பும்போது கான்சாஸ் சிட்டி தாண்டும் வரை என் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து வயது. பெட்ரோல் போட நிறுத்தினேன், அப்போது கேட்டான், "அப்பா, அது யாரோட பந்து?" நான் சொன்னேன், யாரும் தொடவில்லை கண்ணா என்று. அன்றிலிருந்து அதையேதான் சொல்கிறேன்.

நெப்ராஸ்கா உமா:
பாலா சார், நான் தலைப்பை "ஆர்கன்சாஸ் பிடிக்காத பந்து" என்று மாற்றிவிடட்டுமா?

காட்டுப்பன்றி பாலா:
"பிடிக்காத" என்றால் ஏதோ விருப்பம் இல்லாமல் நின்றமாதிரி இருக்கிறது. "கீழே விழுந்த பந்து" என்று போடுங்கள்.

பீவர் கண்ணன்:
"ஆர்கன்சாஸ் கீழே போட்ட பந்து" என்று போடுங்கள் அக்கா.

காட்டுப்பன்றி பாலா:
போடவில்லை. விழுந்தது.

அம்பயர் அங்கிள்:
நான் அப்போது முடிக்காமல் விட்ட விதியை இப்போது சொல்லட்டுமா?

பீவர் கண்ணன்:
குஸ்காவுக்கு விதி இருந்தால் சொல்லுங்கள் அங்கிள்.